செயின் இறுகும் இடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிப் பஜாரில் ரம்புத்தான் பழம் குவிந்துவிடும். ஒரு நாள் அரிசி மண்டிக்கு வேலைக்குப் போகிற வழியில் அந்த அக்காவைத் தள்ளுவண்டிக்கு முன்னால் பார்த்தேன். பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நுனியில் வைத்து, முழுசாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன ஆச்சி, பொண்ணா பாக்கிய? பழம்தான. எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கும்."

"ஒண்ணுபோல இருந்தா நீ ஏன்ல சிவப்பா உள்ளத மட்டும் மேல அடுக்கி வச்சிருக்க?"

அவன் சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த பழத்தை எடுத்துச் சுற்றினார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு வருவதும் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைந்து "சைக்கிள் அக்கா வீடு எது?" என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

அவருடைய வீட்டுக்காரர் வாசல் அறையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிழைப்புக்கு ஷார்ஜா போனபோது ஸ்பேனர், பம்ப், பழைய டயர் எல்லாம் அப்படியே கிடந்தன. அக்கா அப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சைக்கிளில் காற்று இல்லை என்று வந்து நிற்க, காற்று அடித்துக் கொடுத்தார். பிறகு பஞ்சர். பிறகு பிரேக். பிறகு ஒரு நாள் பீடித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். இத்தனைக்கும் அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேட்டால், "நான் எங்க போப்போறேன்? போறவங்க ஓட்டட்டும்" என்பார்.

எதையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இது நல்ல குணம்தான். ஆனால் சைக்கிளை விட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்குச் சில சமயம் உயிர் போய்விடும். ரிட்டயர் ஆன ஏட்டையா ஒருவர், சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். "பிரேக்க மட்டும் பாரும்மா, அவசரம்" என்றார். அக்கா வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அது நிற்கும்வரை பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"ஏம்மா, இவ்வளவு நேரமா? நான் ஸ்டேஷன்ல ஆள ஒரு பார்வை பாத்தா போதும், சொல்லிருவேன்."

"அதான் கோர்ட்டுல அவ்வளவு கேஸு நிக்குபோல."

ஏட்டையாவுக்குக் கோபம் வர இருந்தது. அதற்குள் அக்கா, "இந்தா பாருங்க, இந்த எடத்துல வரும்போது மட்டும் சக்கரம் ஒரு ஆட்டம் ஆடுது. பிரேக்கு மேல குத்தமில்ல" என்று காட்டினார். ஏட்டையா குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் மகளுடைய வண்டி, மருமகன் வண்டி எல்லாம் அங்கேதான் வந்தன.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது பூக்கூடை விழுந்த கதையால்.

குற்றாலம் போகிற வழியில் மலையடிவாரத்தில் எங்கள் முருகன் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில். சுவாமி மூன்றடி உயரம், நின்ற கோலம். என் அப்பா காலத்திலிருந்து தினமும் காலைப் பூஜைக்கு மாலை எங்கள் வீட்டுடையது. கழுத்திலிருந்து பாதம் தொடுகிற மாதிரி நாலு முழம். அரளி, நந்தியாவட்டை எல்லாம் எங்கள் கொல்லையிலேயே உண்டு. மரிக்கொழுந்தும் துளசியும் மட்டும் வெளியில் வாங்குவோம். விடியும் முன்னால் எழுந்து குளித்து, நானும் என் மனைவியுமாகக் கட்டி முடிப்போம். நான் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து மண்டிக்குப் போவேன். பெரிய படிப்பு, பெரிய சம்பாத்தியம் எதுவும் எனக்கு இல்லை. எனக்கென்று இருந்தது இந்த ஒரு வேலைதான். அதை வேலை என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

அப்பா வைத்திருந்த பழைய சைக்கிள் உடைந்தது. என் அண்ணன் மகன் பட்டாளத்தில் சேர்ந்து போகும்போது, "சித்தப்பா, இத வச்சுக்கோங்க" என்று தன் கியர் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனான். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. கைப்பிடியில் கட்டைவிரலால் தட்டினால் செயின் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அவன் ஓட்டுகிறபோது பறந்த வண்டி. நான் பின்னால் கேரியர் மாட்டிக் கூடையைக் கட்டி ஓட்ட ஆரம்பித்ததும், சாரலில் நனைந்து, மண் ஏறி, தட்டாமலே தாவ ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் கோயிலுக்கு முந்தின மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் 'டக்'கென்று தாவ, கால் வெறுமனே இறங்க, வண்டி சாய்ந்து கூடை சேற்றில்.

தரையில் விழுந்த பூ சுவாமிக்கு ஆகாது. ஒரு இதழ்கூட அழுக்காகவில்லை என்றாலும் ஆகாது. சேற்றில் கிடந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். அன்றைக்கு முருகன் வெறும் சந்தனக் காப்போடு தீபாராதனை வாங்கிக்கொண்டான். அடுத்த வாரமே மறுபடி அதே மேடு, அதே கதை. கோயிலைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி நல்லவர். ஆனால் அன்று முகத்தை நீட்டிவிட்டார்.

"ரெண்டு தடவ ஆயிட்டு வே. இன்னொரு நாள் சாமி வெறுங்கழுத்தா நின்னா, நான் பூக்கடையில தினப்படிக்குச் சொல்லிருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேயும்."

மனசில் வைக்காமல் எப்படி இருப்பது? நேராக வண்டியை அக்கா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அக்கா, இந்தக் கியர் எழவெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, சாதா சைக்கிளா ஆக்கித் தாங்க."

"ஆக்கலாம் தம்பி. இதுல எந்தப் பல்லுல ஓட்டுதிய?"

"எது விழுதோ அதுல."

"அப்ப எத வைக்க, எத எடுக்க?"

அவர் சுருக்கமாக வழி சொன்னார். நாளைக்கு மேட்டுக்கு வரும்போது, நிறைகூடையோடு, சீட்டைவிட்டு எழுந்திரிக்காமல் எந்தக் கியரில் ஏற முடிகிறதோ அதில் விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் கட்டைவிரலைத் தொடக்கூடாது. அப்படியே கொண்டுவர வேண்டும்.

"சமதரையில சுத்திக்கிட்டே கெடக்குமே அக்கா? மெதுவாப் போவும்."

"மெதுவாப் போனா போவட்டும். சமதரையில யாருக்கும் கஷ்டமில்ல."

மூன்று நாள் மேட்டில் பார்த்து, நாலாம் நாள் கொண்டுபோனேன். அக்கா கியர் மாற்றுகிற கம்பி, கம்பியின் உறை, செயினைத் தள்ளுகிற கொக்கி, கைப்பிடியில் தட்டுகிற கட்டை எல்லாவற்றையும் கழற்றி ஒரு முறத்தில் போட்டார். முறம் நிறைந்தது. பின்னால் ஏழு சக்கர அடுக்கைக் கழற்றி, நான் மேடு ஏறிய சக்கரத்துக்குச் சமமாகப் பல் உள்ள ஒற்றைச் சக்கரத்தைத் திருகினார். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் செயின் நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். கோணல். ஒரு வாஷர் போட்டார். மறுபடி கண்ணை மூடினார். எடுத்துவிட்டு மெல்லிசான இன்னொன்றைப் போட்டார். செயினை வெட்டிச் சுருக்கி மாட்டினார்.

பிறகுதான் அந்த வேலை. பின்சக்கரத்தின் அச்சு உட்காருகிற இடம் நீளவாக்கில் வெட்டியிருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் செயின் இறுகும், முன்னால் தள்ளினால் தளரும். அக்கா இழுத்து நட்டைப் பாதி முறுக்கிவிட்டு, ஒரு கையால் பெடலை மெதுவாகச் சுற்றி, இன்னொரு கை விரலைச் செயினின் நடுவில் வைத்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் செயின் தொளதொளத்தது. அரைச் சுற்று போனதும் விறைத்தது. மறுபடி தொளதொளப்பு.

"இது என்ன அக்கா, ஒரு செயினு ரெண்டு மாதிரி?"

"எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமா இருக்காது தம்பி. ஒரு எடத்துல கொஞ்சம் தூக்கலா இருக்கும். அங்கன வரும்போது செயின் இறுகும். அந்த எடத்தக் கண்டுபுடிச்சு, அங்கன அரை விரல் ஆடுத மாதிரி விட்டுட்டா, மத்த எல்லா எடமும் தன்னால சரியாயிரும்."

"மத்த எடத்துல லூசாத் தெரியுதே."

"தெரியட்டும். கழலாது."

நட்டை முறுக்கிய பிறகும் மூன்று சுற்று சுற்றினார். அப்புறம் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து, துவைத்த துணி ஒன்றால் கேரியரைத் துடைத்தார். "பூ வைக்கிற எடம். கிரீஸ் இருக்கக்கூடாது" என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே செய்தார்.

வண்டி நன்றாக ஓடியது. மேட்டில் ஒரு சத்தம் இல்லை. முருகா என்று மிதித்தால் ஏறிவிடும்.

அதற்குப் பிறகு வேலை இல்லாவிட்டாலும் போகும்போது வரும்போது அங்கே நிற்பேன். என் மனைவிக்கும் அவர் பழக்கமாகிவிட்டார். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம். பையன் துபாயில். வீடு மாடி. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அக்கா பையனின் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "உங்க வீட்டுல கடைசியாச் சாப்புடுதது யாரு?" அந்த அம்மாள் பெருமையாக, "என் மூத்த மருமக. எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்ச பெறவுதான் அவ உக்காருவா" என்றிருக்கிறார். அக்கா காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டார். மகள் இரண்டு நாள் பேசவில்லையாம். "மாடி வீட்ட பாக்காம சோத்துச் சட்டியப் பாத்துட்டு வந்திருக்கு எங்க உம்மா" என்று தெருவெல்லாம் சொன்னாள். வேறொரு வீட்டில் அதே கேள்விக்கு, "யாரு பிந்தி வாராங்களோ அவங்கதான், வேற என்ன?" என்று பதில் வந்தது. அங்கேதான் முடித்தார்.

இன்னொன்றை நானே பார்த்தேன். டயர் மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். அக்கா போனைச் சாமான் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசினார். "நல்லா இருக்கேன்" என்றார் அவர். முகமும் நன்றாகத்தான் இருந்தது.

"ரூம ஒரு சுத்து காட்டுங்க."

"ரூமுல என்ன இருக்கு? அதே கட்டில், அதே சுவரு."

"காட்டுங்கங்கேன்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். கட்டில், கொடியில் துணி, அலமாரி. அக்காவின் கை நின்றது.

"அலமாரியில கண்ணாடிக்குப் பொறத்தால என்ன டப்பா?"

பிரஷர் மாத்திரையாம். எட்டு மாதமாகத் தின்கிறாராம். ஒரு தடவை வேலை இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். சொன்னால் வரச் சொல்லுவாள் என்று மறைத்திருக்கிறார்.

"வாங்க" என்றார் அக்கா. நான் டயர் இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வீட்டுக்காரர் அடுத்த வருடம் ஊருக்கே வந்துவிட்டார். இருவரும் இப்போது திருவனந்தபுரம் பக்கம் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். அந்தச் சந்து வீட்டில் இப்போது வேறு குடும்பம். நான் சொல்ல வந்தது அவர்கள் போவதற்கு முந்தின ஆடி மாதத்தில் நடந்தது.

செயின் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று ஆடியது. மறுநாள் ஆடி வெள்ளி. மூலவருக்கு மட்டுமல்லாமல் உற்சவருக்கும் மாலை. கூடை இரட்டைப் பாரம். இத்தனை சின்ன விஷயத்துக்கு அக்காவை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானே ஸ்பேனரை எடுத்தேன்.

மாலை கட்டுகிறவன் கைக்கு இறுக்கம்தான் தெரியும். நார் தளர்ந்தால் பூ உதிரும் என்று எங்கள் அப்பா என்னை அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அதே கையால் சக்கரத்தை இழுத்தேன். செயின் கம்பி மாதிரி நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. சந்தோஷமாக நட்டை முறுக்கிவிட்டேன். பெடலைச் சுற்றிப் பார்க்கவில்லை. தொட்ட இடம் ஒன்றே ஒன்று. அது செயின் தளருகிற இடம் என்று அப்போது தோன்றவே இல்லை.

காலையில் கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. மாலை கட்டி முடியப் பிந்திவிட்டது. என் மனைவியை நான் அன்று கடிந்துகொண்டதை மறைக்க விரும்பவில்லை. "ஆடி வெள்ளியும் அதுவுமா, கையில என்ன, வெண்டைக்காயா முளைச்சிருக்கு?" என்று சொன்னேன். அவள் அடுத்த பூவை எடுத்துக் கட்டினாள்.

ரோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் ஒரு இடத்தில் அடம்பிடித்தது. நேரமாகிவிட்டதே என்று எழுந்து நின்று மிதித்தேன். மேட்டின் பாதியில் பின்சக்கரம் கோணி, டயர் கம்பியில் உரசி, செயின் கழன்றுவிட்டது. கூடை சரிவதற்குள் திரும்பி இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டேன். முழங்கை தார் ரோட்டில். கூடை என் நெஞ்சின்மேல். பூ தரையைத் தொடவில்லை.

ஆனால் சக்கரம் உருளவில்லை. வண்டியை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டுக் கூடையைத் தலையில் வைத்து நடந்தேன். கோயிலில் மணிச்சத்தம் கேட்டது. ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை முடிந்து குருக்கள் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம். அத்தனை பேருக்கும் நடுவில் என் முருகன் ஆடி வெள்ளிக்கு வெறுங்கழுத்தோடு நின்றான்.

அண்ணாச்சி என் முழங்கையைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். "சாயங்காலம் வாரும் வே. பேசிக்கிடுவோம்" என்றார். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியும்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி அக்கா வீட்டில் இறக்கினேன். அவர் செயினைத் தொட்டதும், "யாரு இத இறுக்குனது?" என்றார்.

"நான்தான்."

"எந்த எடத்துல பாத்து?"

"சுத்திப் பாக்கல அக்கா. ஒரே எடத்துல பாத்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் முழங்கையைக் கழுவச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தளர்த்தினார்.

"எந்திரிச்சு நின்னா மிதிச்சிய? நான் உக்காந்து ஏறத்தான போட்டுக் குடுத்தேன்?"

"நேரமாயிட்டு அக்கா."

"எத்தன மணிக்குக் கிளம்புனிய?"

"ஆறு."

"எப்பமும்?"

"முன்னெல்லாம் அஞ்சு மணிக்கே கிளம்பிருவேன். இப்ப ரெண்டு மூணு மாசமா பிந்திப் போவுது."

"பூ பறிக்கப் பிந்துதா?"

"இல்ல. அது நான் பறிச்சிருவேன்."

"நாரு?"

"அதுவும் முந்தின நாளே நனைச்சு வச்சிருவேன்."

"அப்ப?"

"கட்ட நேரமாவுது. அவ முன்ன மாதிரி இல்ல அக்கா. மெத்தனம் வந்துட்டு."

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீங்க எவ்வளவு கட்டுதிய, அவ எவ்வளவு கட்டுதா?"

நான் யோசித்தேன். ஒரு காலத்தில் பாதிப் பாதி. மண்டியில் மூட்டை எண்ணிக்கை கூடிய பிறகு நான் பூப் பறித்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் படுப்பேன். நாலு முழமும் அவள்தான். வெள்ளி, கிருத்திகை என்றால் எட்டு முழம். இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அன்றுதான். சொல்லும்போது எனக்கே ஒருமாதிரி இருந்தது.

அக்கா கை கழுவிவிட்டு, தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் அதற்கு முன் வந்ததே இல்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அக்கா உட்காரக்கூட இல்லை.

"ஏட்டி, கையக் காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். அக்கா அதை வாங்கி, உள்ளங்கையைப் பார்த்து, புறங்கையைப் பார்த்து, மணிக்கட்டை மெதுவாக மடக்கினார். அவளுக்குக் கண் சுருங்கியது.

"எந்த வெரலு மரத்துப் போவுது?"

"இந்த மூணும்."

"ராத்திரி?"

"எரியும். எந்திரிச்சு உதறிக்கிட்டு இருப்பேன்."

"எத்தன நாளா?"

"பங்குனியில இருந்து."

பங்குனியிலிருந்து. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

"பதினெட்டு வருசம் நானும் பீடி சுத்துனவதான்" என்றார் அக்கா. "இது எனக்குத் தெரியும். ஏன்ட்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா மாலை நின்னு போவுமே அக்கா. எங்க மாமா காலத்துல இருந்து போடுதது. என்னால நின்னுதுன்னு ஆயிரக்கூடாதுல்லா. இவியளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவள் அழுதாள். நான் கைக்கு எட்டிய எதையோ எடுத்து எங்கோ வைத்தேன். எது என்று நினைவில்லை.

அக்கா எங்கள் வீட்டு நோட்டு அட்டை ஒன்றைக் கிழித்து அவள் மணிக்கட்டுக்கு அணைவாக வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார். இறுக்கிக் கட்டவில்லை. கட்டிய பிறகு தன் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு டாக்டரும் மணிக்கட்டில் நரம்பு அமுங்குகிறது என்று சொல்லி, அதே மாதிரி ஒரு பட்டை கொடுத்தார். வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்.

வெள்ளி சாயங்காலம் கோயிலுக்கு நடந்துபோனேன். அண்ணாச்சி பேச ஆரம்பிக்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன். வீட்டில் கை முடியவில்லை. நாலு முழம் இனி ஆகாது. ரெண்டு முழம் என்றால் நானே கட்டி, நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். நெஞ்சுவரைதான் வரும். அது போதாது என்றால் கடையில் சொல்லிக்கொள்ளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். கடைசி வாக்கியம் பொய். முருகன் சந்நிதியிலேயே பொய் சொன்னேன்.

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நாலு முழம்னு யாருவே கேட்டா?"

"அப்பா காலத்துல இருந்து..."

"உங்க அப்பா கொண்டாந்தாரு, போட்டோம். ஒரு முழம் கொண்டாந்திருந்தா ஒரு முழம் போட்டிருப்போம். நான் என்ன அளவா எடுத்துக் குடுத்தேன்? நீரு பிந்தி வாரதுதான்வே எனக்குக் கோவம்."

இத்தனை வருடமாக அந்த அளவை யாரிடமும் நான் கேட்டதே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை விடியலில் ரெண்டு முழத்தை நானே கட்டினேன். என் கட்டு அவள் கட்டு மாதிரி வரவில்லை. அவள் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, "அங்கன நெருக்கிட்டிய, பூ நசுங்குது, கொஞ்சம் விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பூவுக்கு ஒரு தடவை சிரித்தாள். அக்கா முந்தின நாளே சரிசெய்து அனுப்பியிருந்த வண்டியில் கிளம்பினேன். உட்கார்ந்தபடியே மேடு ஏறினேன்.

குருக்கள் மாலையை வாங்கிச் சாத்தினார். திரை விலகியது. மாலை நெஞ்சோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வேட்டிக் கொசுவம், அதற்குக் கீழே தண்டை போட்ட இரண்டு பாதம். அபிஷேக நேரத்தில் நான் எப்போதும் வெளியே கூடை கழுவிக்கொண்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் எங்கள் மாலை அந்தப் பாதத்தை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது; வெறுங்கழுத்தாக நின்ற அந்த மூன்று நாளும் வெட்கத்தில் நான் கழுத்துக்குக் கீழே பார்க்கவே இல்லை. கழுத்திலிருந்து பாதம் தொட வேண்டும் என்று கட்டிக் கட்டி, நான்தான் மூடிவைத்திருந்தேன். வலது காலின் பெருவிரல் நகம்கூடச் செதுக்கியிருந்தார்கள். முருகா, முருகா என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை.

திரும்பும்போது நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பிரேக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அண்ணாச்சி சொன்னது, திரை விலகியது, தண்டை, பாதம், பெருவிரல் நகம். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"நல்லது தம்பி. அல்லா நல்லதாக்கி வைக்கட்டும்" என்றார். பிறகு கேட்டார்:

"நேத்து ராத்திரி அவ முழிக்காமத் தூங்குனாளா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு வீட்டுக்கு நடந்தேன்.